எங்கள் ஊரில் எல்லாமே நரம்புதான்

1

செவ்வாயும் வியாழனும் காலையில் என்னை ஒரு பலகையில் ஏற்றி ஆட்டுகிறார்கள். ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில், நான் பாதி வாழ்க்கைக்கு மேல் குடியிருக்கும் சிறு நகரத்தில், சூப்பர் மார்க்கெட்டுக்கு மேல்மாடியில் அந்தச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இலங்கையில் மாத்தளையிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்தவன் அறுபது தாண்டிய பிறகு இதற்காகவா வந்தான் என்று கேட்காதீர்கள். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பலகை என்றால் மரப்பலகை இல்லை. எடை பார்க்கும் மெஷின் மாதிரிதான், இன்னும் பெரிது. முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. பாரம் வைத்துத் தைத்த ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு அதில் ஏறி, முழங்காலைச் சற்று மடக்கி நிற்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் யூலியா பொத்தானை அழுத்துவாள். அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். அந்த நடுக்கத்தோடு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். பிறகு ஓய்வு, பிறகு மறுபடியும் அதே.

யூலியாவுக்கு என் மகளின் வயது இருக்கும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் என் காலுறையைக் கழற்றச் சொல்லி, குனிந்து இரண்டு உள்ளங்கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் காலைத் தொடுவது சின்ன விஷயமில்லை. பார்த்து முடித்துத் தலையை ஆட்டிய பிறகுதான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறலாம்.

நடுக்கம் எனக்கு முழங்காலுக்கு மேல்தான் தெரிகிறது. பாதத்தில் ஒன்றும் தெரியாது. சீனி வியாதியில் பாதம் இரண்டும் மரத்துப் போய் வருஷங்கள் ஆகின்றன. அதோடு காலுக்கு இரத்தம் போகும் பெரிய குழாய் இடையில் ஒடுங்கிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். இந்த நோய்க்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பேர் கடைக்கண்ணாடி நோய். வலிக்கிறது என்று ஊருக்குத் தெரியாமலிருக்க, நோயாளி ஒவ்வொரு கடையின் கண்ணாடிக்கு முன்னாலும் நின்று சாமான் பார்ப்பதுபோல நடிப்பானாம். நானும் அப்படித்தான் நின்றேன். எங்கள் தெருவில் பெண்களின் உள்ளாடைக் கடை ஒன்று உண்டு. வலி அதற்கு நேராகத்தான் வந்து பிடிக்கும்.

"உங்கள் தசைக்கு வேலை கொடுத்தால் அது இரத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு புதிதாகச் சிறு குழாய்களை முளைக்க விடும், பக்கத்துச் சிறு குழாய்களையும் அகலமாக்கும்" என்று முதல்நாள் யூலியா சொன்னாள். அவள் ஜெர்மனில் சொன்னது என் காதில் தமிழாக விழுந்தபோது, புது நரம்பு வளரும் என்றுதான் விழுந்தது.

2

நரம்பு என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாத்தளையில் கையில் புடைத்துத் தெரிவது நரம்பு. ஊசி போடுவது நரம்பில். சுளுக்கிக்கொள்வது நரம்பு. பக்கவாதம் வந்தால் நரம்பில் அடைப்பு. வயதானவருக்குக் கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. உடம்புக்குள் நூல் மாதிரி எது ஓடினாலும் எங்களுக்கு அது நரம்புதான். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் நோய்ப்பட்டு, வைத்தியம் பார்த்து, செத்தும் போயிருக்கிறார்கள். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

எனக்குத்தான் வந்தது. கால் பிடிக்கத் தொடங்கிய புதிதில் குடும்ப வைத்தியரிடம் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "என் நெர்வன் எல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்றேன். என் ஜெர்மன் பட்டறை ஜெர்மன். தூக்கு, வை, பிடி, கவனம், சாப்பாட்டு நேரம், இவ்வளவும் சுத்தமாக வரும். நரம்புக்கு ஜெர்மனில் நெர்வ் என்று நினைத்துச் சொன்னேன். நெர்வன் கெட்டுவிட்டது என்றால் இந்த ஊரில் மனம் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

வைத்தியர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இந்த நாட்டில் யாரும் என்னை அவ்வளவு இரக்கத்தோடு பார்த்ததில்லை. எப்போதிருந்து என்று கேட்டார். போன குளிர்காலத்திலிருந்து, நடக்கும்போது மோசம், நின்றால் சரியாகிவிடும் என்றேன். எழுதிக்கொண்டார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும், மனநல ஆலோசகர் ஒருவருக்குக் கடிதமும் தந்தார். கடிதத்தில் இருந்தது கால் வைத்தியரின் பேர் என்று நினைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து போனேன்.

அந்த அம்மாள் காலைப் பார்க்கவேயில்லை. மெத்தைக் கதிரையில் உட்கார வைத்து, ஊர் எது, ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். கேட்டால் சொல்வதுதானே முறை. எண்பத்து மூன்று கலவரத்தில், மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில், எங்கள் அப்பாவின் மா அரைக்கும் மில்லைக் கொளுத்தியதைச் சொன்னேன். உள்ளே இருந்த மிளகாய் மூட்டைகள் எரிந்த நெடியில், கொளுத்த வந்தவர்களே இருமிக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். அப்பாவும் அண்ணனும் நானும் மூன்று வீடு தள்ளி, தெரிந்த சிங்களக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் பின்னால் கோடியில் ஒளிந்திருந்து, இருமல் வந்துவிடக் கூடாதென்று வாயில் துணியை அடைத்துக்கொண்டதையும் சொன்னேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. காகிதத் துவாலைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்குத் தேவைப்படவில்லை. இதெல்லாம் சரி, காலை எப்போது பார்ப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குடும்ப வைத்தியர் விடுமுறையில் போன சமயம், அவர் இடத்துக்கு வந்த ஒரு இளம் வைத்தியர் என் பாதத்தில் விரலை வைத்து நாடி பார்த்தார். நாடி இல்லை. அன்றே இரத்தக்குழாய் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அதன் பிறகு என் கோப்பின் முதல் பக்கத்தில், இவருக்கு மொழிபெயர்ப்பாளர் அவசியம் என்று எழுதிவிட்டார்கள். இத்தனை வருஷம் வரி கட்டியவனுக்கு அது அவமானம்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

3

அண்ணன் தர்மலிங்கத்துக்கும் அதே வியாதி. அப்பா விட்டுப்போன சொத்தில் எங்கள் இருவருக்கும் சரிசமமாகக் கிடைத்தது சீனி மட்டும்தான். மில் அண்ணனுக்கு. எரிந்த சுவருக்குள்ளேயே திரும்ப மெஷின் இறக்கி, மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி மா என்று அரைத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். நான்தான் கிளம்பி வந்தேன்.

அவருக்கும் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும். ஆனால் அங்கே அதற்குக் கடைக்கண்ணாடி தேவையில்லை. மில்லிலிருந்து பஸ் ஏறும் இடம் வரைக்கும் தெரிந்தவர்கள்தான். நாலு எட்டுக்கு ஒருவர், "முதலாளி, கொஹொமத?" என்று சுகம் விசாரிப்பார். அண்ணன் நின்று பேசிவிட்டு நடப்பார். அவருக்கு நோய் முற்றியது யார் கண்ணிலும் படவில்லை. ஊர்ப்பட்டவர்களோடு நின்று பேசும் நல்ல மனிதர் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு வாட்ஸ்அப்பில் பேசுவேன். பலகையில் ஏறிய முதல் வாரமே சொன்னேன்.

"அண்ணே, கால்ல புது நரம்பு வளருமாம்."

"இந்த வயசுலயா?"

"பாரத்தைப் போட்டுக்கிட்டு ஆடுற பலகையில நின்னா வளருமாம். மழைக்கு மண்ணு சரிஞ்சு நாலந்தா ரோடு மூடுனா பஸ்ஸு பல்லேபொல பக்கமா சுத்திப் போவுதில்ல? போகப் போக அந்தச் சின்ன ரோடும் அகலமாயிரும். அந்த மாதிரின்னு வச்சுக்கங்க."

"எனக்கும் கிளினிக்கில கால் நரம்பு அடைச்சிருக்குன்னுதான்டா சொன்னாங்க. அப்ப நமக்கும் அதுதானே?"

"அதேதான்."

அண்ணன் சிரித்தார். "ஆடுறதுக்கு ஜெர்மனிக்குப் போவணுமாடா? நம்ம மில்லுல ஆடாதது எது?"

அது உண்மை. மில் ஓடும்போது அங்கே எல்லாம் ஆடும். பெஞ்சில் வைத்த தேநீர்க் குவளை தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிடும். மெஷினை இறக்கியிருக்கும் கொங்கிரீட் மேடையில் நின்றால் பல்லெல்லாம் ஆடும். சின்ன வயதில் நாங்கள் அதில் நின்று ஆவென்று கத்தி, குரல் துண்டு துண்டாக வருவதைக் கேட்டு விளையாடியிருக்கிறோம்.

ஆனால் நடுக்கம் எல்லாம் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் கருங்கல் பலகைகளுக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை செய்தவன் நான். நாள் முழுக்கக் கிரைண்டரை இறுக்கிப் பிடித்துப் பிடித்து, குளிர் வந்தால் என் விரல்கள் வெளுத்து, மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். அந்த நடுக்கம் விரலின் இரத்தக்குழாயைக் கெடுத்தது. இதைச் சொல்லி யூலியாவிடம் கேட்டேன், கையைச் சாகடித்தது காலை எப்படிப் பிழைக்க வைக்கும் என்று.

அவள் மழுப்பவில்லை. அது வேகமான நடுக்கம், மணிக்கணக்கு, இறுக்கிப் பிடித்த பிடி. இது மெதுவானது, சில நிமிஷம்தான், அளவு வைத்தது. "ஆனாலும் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பாரத்தோடு தசைக்குப் பயிற்சி கொடுப்பதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். நடுக்கத்தைச் சேர்த்தால் குழாய் முளைப்பது கூடுமா, அல்லது குறையுமா என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே ஒத்துப்போகவில்லை. நாங்களும் முயன்றுதான் பார்க்கிறோம்" என்றாள். செலவைக் கட்டும் காப்புறுதிக்காரர்களுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. பாரம் தூக்குவதை ஏற்றுக்கொள்கிறோம், ஆட்டுவதை ஏற்றுக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார்கள். ஒரே பலகையில் ஒரே நேரத்தில் நடப்பதை எப்படிப் பிரிப்பது என்று கேட்டு நிலையத்திலிருந்து பதில் போட்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்து இன்னும் நடக்கிறது.

இதில் பாதியை அண்ணனிடம் சொன்னேன், பாதியைச் சொல்லவில்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிற விஷயத்தைச் சொல்லவில்லை. அது வைத்தியத்தில் சேர்த்தி என்றே எனக்குத் தோன்றவில்லை. வெள்ளைக்காரர்களின் சுத்தம் என்று நினைத்திருந்தேன்.

4

என் மகள் கயல் வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை வருவாள், வந்தாலும் பாதி நேரம் போனில் இருப்பாள். அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்துக்காரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரும் அந்தப் பக்கம். எனவே மாத்தளைக்காரனின் மகள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். அதற்கிடையில் ஜெர்மனும் எட்டிப் பார்க்கும். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு பேசினாள்.

"பெரியப்பா, உங்கட காலும் நித்திரையோ?"

ஜெர்மனில் கால் மரத்துப் போனால் கால் தூங்கிவிட்டது என்பார்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டாள். அண்ணனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஆமாம்மா, நல்லா தூங்குது. கொறட்டை மட்டும்தான் விடல. ஒங்கப்பன் பொண்ணுன்னு யாராவது நம்புவாங்களா? யாழ்ப்பாணத்து டீச்சர் மாதிரில்ல பேசுது இந்தப் புள்ள!"

அவளுக்குக் கோபம் வந்து போனை என்னிடம் தந்துவிட்டாள். "நான் எப்பிடிக் கதைச்சாலும் பகிடிதான். இனிக் கதைக்க மாட்டன்" என்றாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பக்கம் போனை நீட்டுவதை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் கையை விட்டுப் போவது இப்படித்தான். சண்டை போட்டுக்கொண்டு யாரும் போவதில்லை.

அண்ணன் பயிற்சியைத் தொடங்கிவிட்டார் என்று அண்ணி சரோஜா அடுத்த மாதம் சொன்னார். மத்தியானம் ஆட்கள் வராத நேரத்தில் மெஷின் மேடையில் ஏறி, தோளில் ஒரு மல்லி மூட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குகிறாராம்.

"சும்மா சொல்லக் கூடாது தம்பி, மொகத்துல ஒரு தெம்பு வந்துருக்கு" என்றார் அண்ணி. நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

5

குழாய்க்குள் கம்பி விட்டு அகலமாக்குவதா, இன்னும் கொஞ்ச நாள் பயிற்சியையே பார்ப்பதா என்று முடிவெடுக்க என்னை வைத்தியசாலைக்கு அழைத்தார்கள். சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டுமாம். மேசையில் போனை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு அம்மாள் பேசினார்.

"வணக்கம் ஐயா. ரெண்டு பேரும் கதைக்கிறதை அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன்."

எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்டார். முன்னைவிட அதிக தூரம் நிற்காமல் நடக்கிறேன், புது நரம்பு வளர்கிறது போலிருக்கிறது, ஆனால் பாதத்தில் இன்னும் உணர்ச்சி வரவில்லை, எப்போது வரும் என்று கேட்டேன்.

அந்த அம்மாள் மொழிபெயர்ப்பதற்கு முன் என்னையே திருப்பிக் கேட்டார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. நரம்பெண்டு எதைச் சொல்லுறியள்? ரத்தம் ஓடுற நாளத்தையோ, உணர்ச்சி நரம்பையோ?"

"எங்க ஊர்ல எல்லாமே நரம்புதாம்மா."

"எனக்கு விளங்குது. ஆனா டொக்டருக்கு நான் ஒண்டைத்தானே சொல்லலாம்? ரெண்டும் ரெண்டு சாமான், ஐயா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டையும் கேளுங்கள் என்றேன். கேட்டார். வைத்தியர் நீளமாகச் சொன்னதை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ரத்த நாளம் புதுசா வரும், உங்களுக்கு வந்திருக்கெண்டும் சொல்லுறார். அது நல்ல விஷயம். ஆனா உணர்ச்சி நரம்பு சீனியால பழுதாப் போச்சு. ரத்தம் வந்ததெண்டதுக்காக உணர்ச்சி திரும்பி வருமெண்டு இல்லையாம். வருமெண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாமாம். காலிலை காயம் வந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுக்காகத்தான் ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாலை பாக்கச் சொல்லுறவை. வெறுங்காலோடை நிக்கவே கூடாதாம்."

கடைசி வசனத்தைக் கேட்டதும், மேடையில் வெறுங்காலோடு நிற்கும் அண்ணன் என் கண் முன்னால் வந்தார். மில்லுக்குள் அவர் செருப்புப் போட மாட்டார். மெஷினுக்குப் பூசை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் நாங்கள்.

6

வைத்தியசாலை வாசலிலேயே நின்று வீடியோவில் அழைத்தேன். அங்கே பிற்பகல். அண்ணன் போனை எடுத்தபோது பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது.

"மில்லை நிறுத்துங்கண்ணே!"

"என்னாது?"

"மில்லை நிறுத்துங்க! மேடையிலேருந்து எறங்குங்க!"

சத்தம் அடங்கியது. "ஏன்டா கத்துற? இப்பத்தான் கால்ல உசுரு வந்துக்கிட்டு இருக்கு. நேத்தெல்லாம் முட்டி வரைக்கும் கிண்ணுனு இருந்துச்சு தெரியுமா?"

"அது முட்டிண்ணே. பாதம் வராது. பாதத்துல உணர்ச்சி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அது வேற நரம்பு."

"அதென்னடா வேற நரம்பு? நீதானே வளரும்னு சொன்ன?"

"அண்ணிகிட்ட போனைக் குடுங்க. உள்ளங்காலைப் பாக்கச் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஒரு கதிரையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி இன்னொரு கதிரையில் வைத்ததைப் பார்த்தேன். "இருங்க தம்பி, லைட்டைப் போடுறேன்" என்ற அண்ணி குனிந்தார். பிறகு போனை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார்.

பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நடுவில் சிவப்பாக இருந்ததை முதலில் இரத்தம் என்றுதான் நினைத்தேன். அண்ணி முந்தானையால் ஒற்றியபோது அது பொடியாக உதிர்ந்தது. மிளகாய்த்தூள். காலையில் அரைத்த மிளகாய் தரையில் கிடந்திருக்கிறது. அந்தப் புண்ணுக்குள் மிளகாய்த்தூள் நிறைந்திருந்தது.

"எரியலையாண்ணே?" என்றேன்.

"எதுடா?"

"புண்ணுல மொளகாத்தூளு."

"புண்ணா?" என்றார் அண்ணன். "என்னா புண்ணு?"

7

மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். பெருவிரலோடு போகும் என்றார்கள், பிறகு பாதத்தில் பாதி என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. என் மேல் என்றால் நான் சொன்னது பொய்யில்லை. கிளினிக்காரர்கள் மேல் என்றால் அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. சொல் ஒன்றுதான் இருந்தது, எல்லோரும் அதையே பயன்படுத்தினோம்.

நான் போயிருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு முன்தான் என் குழாய்க்குள் கம்பி விட்டு அகலமாக்கியிருந்தார்கள், நீண்ட நேரம் உட்கார்ந்து பறக்க வேண்டாம் என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன். கயலிடம் போனில் செய்தியைச் சொன்னேன்.

"நீங்கள் அழேல்லையா அப்பா?"

"இல்ல."

"எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றாள். பிறகு, "நீங்கள் போகாட்டி நான் போறன்" என்றாள்.

போனாள். ஊருக்கு அவள் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. வார்டில் தாதிகள் அவளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை என்றே நினைத்தார்களாம். பெரியப்பா அவர்களைத் திருத்தவில்லையாம். "என் மகதான். யாழ்ப்பாணத்துல வளந்தது" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். கயல் இதை எனக்குச் சொன்னபோது சிரித்தாள். ஒவ்வொரு நாளும் அவருடைய மற்றக் காலின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறாள், அண்ணிக்கும் பார்க்கக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

நான் இங்கே செவ்வாயும் வியாழனும் பலகையில் ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது கடைத்தெருவை நிற்காமல் கடக்கிறேன். யூலியா கைதட்டினாள். அகலமாக்கிய குழாயும் புதுக் குழாய்களும் சேர்ந்து வேலை செய்கின்றன என்றாள். நன்றி சொன்னேன். கண்ணாடியில் என் இரண்டு காலையும் பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன், வரவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கயலின் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணன். மெலிந்து, தாடி வளர்ந்து, தலையணையில் சாய்ந்திருந்தார்.

"புள்ளைய டீ வாங்க அனுப்பிட்டேன்" என்றார். "ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கால் எரியுதுடா."

"எந்தக் கால்?"

"அதுதான். வெட்டுனது. பெருவெரல் எரியுது, அடிப்பாதம் எரியுது. போர்வையைத் தூக்கிப் பாத்தா ஒண்ணும் இல்ல. ஆனா எரியுது. இவங்ககிட்ட சொன்னா கிறுக்குப் புடிச்சிருச்சும்பாங்க."

இது என்ன என்று எனக்குத் தெரியும். சிகிச்சை நிலையத்தில் கால் எடுத்த ஒருவர் இருக்கிறார், அவருக்கும் உண்டு. வெட்டிய இடத்து உணர்ச்சி நரம்பும் மூளையும் செய்கிற வேலை, அதற்கு மருந்து உண்டு, கிறுக்கு இல்லை, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லும்போது எந்த நரம்பு எது என்று சரியாகப் பிரித்துத்தான் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நரம்பு வந்துருச்சாடா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கடைக்கண்ணாடிகளுக்கு முன்னாலும், மெத்தைக் கதிரையிலும், அந்தக் குழியைப் பார்த்தபோதும் வராத அழுகை அப்போது வந்தது. முகத்தைக் கமராவிலிருந்து திருப்பிக்கொண்டேன்.

"வந்துருச்சுண்ணே."

அண்ணன் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார்.